தோற்கத் தயாராக நிற்கும் கருத்து

‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வாசகம் பற்பசை அட்டையில் இருக்கிறது, தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியக் குறிப்பிலும் இருக்கிறது. அதைப் படித்ததும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் எண்கள் நிறைந்த அட்டவணையும் மனதில் வந்து நிற்கின்றன. இவை எல்லாம் இருந்தும் ஓர் ஆய்வு அறிவியலாக இல்லாமல் போகலாம். இவை எதுவும் இல்லாமல் ஒரு கோழிக்கூட்டின் முன் நின்றும் அறிவியல் செய்யலாம். முடிவு சரியாக இருந்தால் அது அறிவியல் என்று சொல்வதும் போதாது. தவறான காரணத்தை நம்பிக்கொண்டே சரியான முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. அறிவியலின் வழியில் நேர்மையாக நடந்து தவறான முடிவைச் சொன்னவர்களும் உண்டு. ஓர் ஆய்வை அறிவியலாக்குவது, ஆய்வாளர் தன் கருத்தை எப்படி நடத்துகிறார் என்பதுதான். தன் கருத்து பொய்யானால் என்ன நடந்தாக வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு அது நடப்பதற்கான வாய்ப்பை அவரே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். சோதனை என்பது இதுதான். இப்படிப் பல சோதனைகளைத் தாங்கி நின்று, அடுத்து எங்கே தேட வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது கோட்பாடு. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆய்வு நொண்டும். எப்படி என்று பார்க்க, நம் சோற்றோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிய கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆசியாவின் கடற்படைகள், சிறைகள், சுரங்கங்கள், தோட்டங்கள் எங்கும் பெரிபெரி ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பிறகு எழுந்திருக்கவே முடியாது. சிலருக்கு உடல் வீங்கி, இதயம் தளர்ந்து, திடீரென்று உயிர் போய்விடும். ஒரே இடத்தில் அடைபட்டு வாழ்பவர்களைக் கூட்டமாகத் தாக்கியதால் இது தொற்றுநோய் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அப்படி நினைக்க வலுவான காரணமும் இருந்தது. ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் காலராக் கிருமியும் பிடிபட்டது. நோய்க்கு நோய் கிருமி அகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. டச்சு அரசு தன் கிழக்கிந்தியக் காலனியில் பெரிபெரியை ஆராய 1886இல் பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்ற இருவரை அனுப்பியது. அவர்களும் ஒரு பாக்டீரியாவைத்தான் சந்தேகித்தார்கள். கோக்கிடம் பயின்ற கிறிஸ்டியான் எய்க்மன் அவர்களோடு சென்று, அவர்கள் திரும்பிய பிறகு பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார்.

எய்க்மன் கிருமியைத் தேடிக் கோழிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். 1889இல் அந்தக் கோழிகளுக்கு ஒரு நோய் கண்டது. கால் பின்னியது, குச்சியில் உட்கார முடியாமல் விழுந்தன, பக்கவாதம் காலிலிருந்து மேலே ஏறியது. நரம்புகளை எடுத்துப் பார்த்தால் பெரிபெரி நோயாளிகளின் நரம்பைப் போலவே சிதைந்திருந்தன. கருத்து வென்றுவிட்டது என்று அறிக்கை எழுத இது போதும், பலர் எழுதியிருப்பார்கள். ஆனால் ரத்தம் செலுத்தப்படாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த கோழிகளுக்கும் அதே நோய் வந்திருந்தது. தொற்று பரவியிருக்கலாம் என்று வேறு கோழிகளைத் தனியே வைத்துப் பார்த்தார், அவையும் விழுந்தன. பிறகு, எவரும் எதுவும் செய்யாமலே, நோய் மறைந்தது. காரணம் தீவனத்தில் இருந்தது. செலவைக் குறைக்க ஆய்வுக்கூடப் பணியாள் மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருந்தார். அது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்தின் அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின, எழுந்து நடந்தன.

இந்தக் கதையை அதிர்ஷ்டத்தின் கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. சமையற்காரரின் பிடிவாதம் ஒரு தற்செயல். அதற்குப் பிறகு நடந்தது தற்செயல் அல்ல. எய்க்மன் அந்த மாற்றத்தைத் தானே வேண்டுமென்று மறுபடி உண்டாக்கினார். நலமாக இருந்த கோழிகளுக்கு வெள்ளைச் சோறு மட்டும் கொடுத்தார். சில வாரங்களில் நோய் வந்தது. தவிட்டுத் தோலோடு கூடிய அரிசியைக் கொடுத்தார், தேறின. வெள்ளை அரிசியோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தார்; நோய் வரவில்லை. அரிசி காரணம் இல்லையென்றால் இந்த மாற்றங்கள் எதையும் விளைவித்திருக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது, கிருமியைத் தேடி வந்த மனிதர் அவர். அவருடைய பயிற்சி, ஆசிரியர், அரசு கொடுத்த வேலை எல்லாமே கிருமியின் பக்கம் இருந்தன. ஒப்பீட்டுக்கு வைத்த கோழிகள் ‘இல்லை’ என்றபோது அதை அவர் மறைக்கவில்லை. ஒப்பீட்டுக் குழு என்ற ஏற்பாடே ஆய்வாளரின் ஆசையை எதிர்த்துப் பேசுவதற்காக இருப்பதுதான். அதை வைத்துக்கொண்டு, அது பேசும்போது காதைப் பொத்திக்கொண்டால் வைத்ததில் பயனில்லை.

கோழிக்கு உண்மையாக இருப்பது மனிதருக்கும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. எய்க்மனின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஜாவாவின் சுகாதார ஆய்வாளர் அடால்ப் போர்டர்மன் சிறைகளைப் போய்ப் பார்த்தார். அங்கே வழங்கப்பட்ட அரிசி இடத்துக்கு இடம் மாறுபட்டது. ஏறத்தாழ 100 சிறைகள், சுமார் 2,80,000 கைதிகள். தீட்டாத அரிசி தின்ற இடங்களில் பெரிபெரி பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவில் இருந்தது. தீட்டிய அரிசி தின்ற இடங்களில் 39 பேருக்கு ஒருவர். இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைத்த பின்னும் போர்டர்மன் அதோடு நிறுத்தவில்லை என்பதே என்னைக் கவர்வது. கட்டடம் பழையதா, காற்றோட்டம் இருக்கிறதா, நெரிசல் எவ்வளவு என்றும் கணக்கெடுத்தார். தொற்றுக் கருத்து சரியென்றால் நெரிசலான, காற்றில்லாத சிறைகளில் நோய் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. போட்டிக் கருத்துக்கும் பேச இடம் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று கேட்டதால்தான் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு. இருந்தும் ஒரு சந்தேகம் மீதி இருந்தது. எந்தச் சிறைக்கு எந்த அரிசி என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை. வட்டார வழக்கம் தீர்மானித்தது. அரிசியோடு சேர்ந்து வேறு ஏதாவதும் மாறியிருக்கலாம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை மலாயாவில் நடந்தது. அதற்குள் தமிழர்களும் வருகிறார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் மலாயாவின் மூன்று சமூகங்களை ஒப்பிட்டார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் இறக்குமதியான வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டார்கள்; பெரிபெரி அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மலாய்க்காரர்கள் வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி சாப்பிட்டார்கள், நோய் அரிது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் சாப்பிட்டதும் இறக்குமதி அரிசிதான், அதுவும் தீட்டியதுதான், ஆனால் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. அவர்களுக்கும் நோய் அரிது. வறுமையிலும் வேலைச் சுமையிலும் குடியிருப்பின் நெரிசலிலும் அவர்கள் ஒன்றும் மேலானவர்கள் அல்லர். இதிலிருந்து பிராடன் ஒரு கருத்தை உருவாக்கினார். சேமித்து வைத்த பச்சரிசியில் பூஞ்சை வளர்ந்து நஞ்சைச் சுரக்கிறது. உமியோடு அவித்த நெல்லில் அது நடப்பதில்லை. அவருடைய நூல் 1907இல் வெளிவந்தது. கண்டது சரி, காரணம் தவறு. ஆனால் சோதிக்கக்கூடிய தவறு.

அந்த நூல் வருவதற்கு முன்பே, 1905இல், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அங்கிருந்தவர்களை டிசம்பர் 5 அன்று உணவுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் ஒரு கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழைய சயாம் பச்சரிசியே தொடர்ந்தது. இரட்டைப்படையினர் முற்றத்தின் மறுபக்கக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவு எல்லாம் இருவருக்கும் ஒன்றே. யாருக்கு எந்த அரிசி என்பதை வழக்கமோ வசதியோ மருத்துவரின் விருப்பமோ தீர்மானிக்கவில்லை. வரிசையில் நின்ற இடம் தீர்மானித்தது. நோய் கட்டடத்தில் குடியிருக்கிறதோ என்ற ஐயத்துக்கும் வழி செய்தார். சில மாதங்கள் கழித்து, அரிசியை மாற்றாமல் கட்டடத்தை மட்டும் இரு குழுவினருக்கும் மாற்றிவிட்டார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. அரிசியின் பின்னால் போயிற்று. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்து 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் நோய் இருந்தது இருவருக்கு. அந்த இருவரும் நோயோடுதான் காப்பகத்துக்கு வந்தார்கள். இறந்தவர் எவரும் இல்லை.

அந்த 18 என்ற எண்ணைக் கடந்து போய்விடக் கூடாது. அவர்கள் சம்மதம் கேட்கப்படாதவர்கள். மறுக்கும் நிலையிலும் இல்லாதவர்கள். காலனி அரசின் காப்பகத்தில் அடைபட்டிருந்த மனநோயாளிகள். அந்த அரிசிதான் அதற்கு முன்பும் போடப்பட்டது, காரணம் உறுதியாகத் தெரியாத காலம் என்றெல்லாம் சொல்லலாம். ஆனாலும் சோதனையின் நேர்த்தி அந்தச் சாவுகளுக்கு விலையாகாது. ஓர் ஆய்வு அறிவியலாக இருப்பதும் அறமாக இருப்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்ததால் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைத்த காலத்தின் கொடுமைகள் ஏராளம். இன்று சம்மதம் பெறுவதும், ஒரு குழுவினருக்குத் தீங்கு தெளிவாகத் தெரிந்தால் சோதனையை நடுவிலேயே நிறுத்துவதும் ஆய்வின் விதிகளாகியிருக்கின்றன. அந்த விதிகள் மெய்யறிதலுக்குத் தடை என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் காப்பகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை தெளிவான முடிவுக்குப் பிறகும் பிளெட்சர் காரணம் இன்னது என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. அரிசியில் நஞ்சு இருக்கலாம். சத்துக் குறைவு இருக்கலாம். சத்துக் குறைந்த உடலில் ஏதோ கிருமி புகுந்திருக்கலாம். தன் சோதனை இந்த மூன்றையும் பிரித்தறியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அடுத்து, காட்டு வழியில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டை நடத்தினார்கள். குழுக்களின் அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: ‘புழுங்கலரிசி கொடுத்தால் நோய் வராது என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் கோட்பாடு எதற்கு? பலன்தானே வேண்டும்?’ நியாயமான கேள்வி. பசியும் சாவும் முன்னால் நிற்கும்போது விளக்கத்துக்காகக் காத்திருப்பது தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலனை மட்டும் நம்பி நிற்கும் அறிவு எவ்வளவு எளிதாகத் தோற்கும் என்பதற்கு ஜப்பானில் நடந்தது சாட்சி.

லண்டனில் மருத்துவம் பயின்ற டக்காகி கனேஹிரோ ஜப்பானியக் கடற்படையின் மருத்துவர். 1883இல் நீண்ட பயணம் போய்த் திரும்பிய ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் இறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ட்சுகூபா என்ற கப்பலை அதே வழியில், இறைச்சி, பால், ரொட்டி அதிகம் சேர்த்த உணவோடு அனுப்பவைத்தார். ஒரு சிலருக்கே நோய் வந்தது, சாவு இல்லை. கடற்படை உணவை மாற்றியது, பெரிபெரி ஏறத்தாழ ஒழிந்தது. மாபெரும் வெற்றி. ஆனால் டக்காகி சொன்ன காரணம் புரதக் குறைவு. ஒரே நேரத்தில் பல உணவுகளை மாற்றியதால் எது காப்பாற்றியது என்பதை அவருடைய சோதனை காட்டவில்லை. அவருடைய கோட்பாடும் பிறரின் கேள்விகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஜெர்மன் கிருமியியல் பயின்ற தரைப்படை மருத்துவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் மோரி ஓகை. பெரிய எழுத்தாளராகவும் புகழ் பெற்றவர். 1889இல் அவரும் ஓர் உணவுச் சோதனை நடத்தினார். நலமாக இருந்த சில வீரர்களுக்கு எட்டு நாட்கள் வெவ்வேறு உணவு கொடுத்து, உடலில் சேரும் ஆற்றலையும் புரதத்தையும் அளந்தார். வெள்ளை அரிசி உணவே சிறந்தது என்று வந்தது. அளவீடு துல்லியம். ஆனால் பெரிபெரி எட்டே நாளில் வருவதில்லை. அரிசிதான் நோய்க்குக் காரணம் என்றாலும் அந்தச் சோதனையில் அது தெரிந்திருக்கப் போவதில்லை. கருத்து தோற்க வழியே இல்லாத சோதனை எத்தனை எண்களை அடுக்கினாலும் அந்தக் கேள்வியில் அது சோதனை அல்ல. 1904-05இல் ரஷ்யாவோடு நடந்த போரில் ஜப்பானியத் தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது. சுமார் 27,000 பேர் இறந்தார்கள். கடற்படையில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன நோய் அது.

இப்போது மறுபடி பட்டேவியாவுக்கு வருவோம். எய்க்மனுக்கும் ஒரு கோட்பாடு இருந்தது. அரிசியின் மாவுப்பகுதியில் நஞ்சு உண்டாகிறது. தவிட்டுத் தோலில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. பார்த்த எல்லாவற்றையும் இது விளக்கியது. உடல்நலம் கெட்டு அவர் ஊர் திரும்பிய பிறகு பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் வேறு விதமாக யோசித்தார். நஞ்சே இல்லை, உணவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை. இரண்டு கருத்தும் இதுவரை தெரிந்த செய்திகளுக்குச் சமமாகவே பொருந்துகின்றன. தவிடு குணமாக்குகிறது என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன. அப்படியானால் இவை பிரியும் இடம் எது என்று தேட வேண்டும். மாவுச்சத்தே இல்லாத உணவிலும் நோய் வந்தால் எய்க்மன் தோற்பார். வராவிட்டால் கிரைன்ஸுக்குச் சிக்கல். கிரைன்ஸ் இறைச்சியை 120 டிகிரி செல்சியஸில் நெடுநேரம் வேகவைத்துக் கோழிகளுக்குக் கொடுத்தார். அதில் மாவு இல்லை, அரிசி இல்லை, பூஞ்சை பிடித்த மூட்டை இல்லை; புரதமோ ஏராளம். கோழிகளுக்கு அதே நரம்பு நோய் வந்தது. எய்க்மனின் மாவு நஞ்சு, டக்காகியின் புரதக் குறைவு இரண்டையும் இந்த ஒரே சோதனை மறுத்துவிட்டது. பின்னால் பிராடன் சொல்லப்போகும் பூஞ்சை நஞ்சுக்கும் அதிலேயே பதில் இருந்தது. பாசிப்பயறு கொடுத்தால் நோய் வராது என்றும், அதே பயறை அந்த அளவு சூடாக்கினால் காக்கும் தன்மை போய்விடும் என்றும் அவர் கண்டார். ஆகவே, தேட வேண்டிய பொருள் தவிட்டில் இருக்கிறது, பயறில் இருக்கிறது, பச்சை இறைச்சியில் இருக்கிறது, கடும் வெப்பத்தில் அழிகிறது. 1901இல் இதை அவர் வெளியிட்டார். இந்த முழு வரலாற்றிலும் மிக அழகான சோதனை என்று நான் கருதுவது இதைத்தான்.

இதை ஒட்டி ஒரு கடினமான எதிர்க்கேள்வி உண்டு. ஒரு கருத்தைப் பொய்ப்பிக்க முடிவதே அறிவியலின் அடையாளம் என்று கார்ல் பாப்பர் 1934இல் வெளியான நூலில் வாதிட்டார். ஆனால் எந்தக் கருத்தையும் ஒரு துணைக் கருத்தைச் சேர்த்துக் காப்பாற்றிவிடலாமே? எய்க்மனே அப்படித்தானே செய்தார்? தவிடு குணமாக்கியபோது, நஞ்சைக் கைவிடாமல் மாற்று மருந்தைச் சேர்த்துக்கொண்டார். அது அறிவியலா, பிடிவாதமா? பிடிவாதம் மட்டும் குற்றமாகாது என்றே நினைக்கிறேன். முதல் எதிர்ப்பிலேயே கைவிடப்படும் கருத்து வளர வாய்ப்பே இல்லை. சில சமயம் தவறு சோதனையிலும் இருக்கலாம். பார்க்க வேண்டியது, அந்த ஒட்டுப்போட்ட கருத்து புதிதாக எதையாவது பணயம் வைக்கிறதா என்பதைத்தான். எய்க்மனின் மாற்று மருந்துக் கருத்து வைத்தது. மாவு இல்லாமல் நோய் வரக் கூடாது என்று அது சொன்னது. அதனால்தான் கிரைன்ஸ் அதைத் தோற்கடிக்க முடிந்தது. எய்க்மனும் சில ஆண்டுகளில் பற்றாக்குறை விளக்கத்தின் பக்கம் வந்தார். மாறாக, ‘கிருமி இருக்கிறது, இன்னும் கண்ணில் படவில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் கருத்து எந்தச் சோதனையிலும் தோற்கவில்லை, அது எதையும் பணயம் வைக்காததால். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிரைன்ஸுக்கு அதில் பங்கில்லை. எனக்கு அது இன்றும் உறுத்தும் விடுபடல்.

இன்னோர் எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்து வரும். ‘புழுங்கலரிசியின் அருமை நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும், வெள்ளைக்காரன் கோழியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.’ நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும், நீரில் கரையும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக உயிர்களைக் காத்தது உண்மை. அதை உருவாக்கிய கைகள் மதிக்கப்பட வேண்டியவை. ஆனால் அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பவையும் அந்த வழக்கத்துக்குப் போதுமான காரணங்கள். வழக்கம் காத்தது, எதிலிருந்து காக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாததால் எச்சரிக்கவும் முடியவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்குக் கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பச்சரிசியே வழக்கம். அரிசி ஆலைகள் வந்து வெண்மையாகத் தீட்டிக் கொடுத்தபோது, அது ஆபத்து என்று சொல்ல எந்தப் பழமொழியும் அங்கே இல்லை, பெரிபெரி இருந்தது. குன்னூரில் மெக்காரிசன் என்ற ஆய்வாளரும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். முன்னோர் வழக்கத்தைக் கருதுகோள்களின் களஞ்சியமாகக் கொள்வதில் எனக்கு மறுப்பே இல்லை. பிராடனின் கருத்தே தமிழர் சோற்றுப் பானையிலிருந்துதான் பிறந்தது. ஆனால் களஞ்சியத்திலிருந்து எடுத்ததைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். எல்லா வழக்கமும் புழுங்கலரிசி அல்ல.

கிரைன்ஸின் ‘ஏதோ ஒன்று’ பெயரில்லாத வெற்றிடமாகத்தான் தொடங்கியது. அதை நிரப்ப முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. பிரேசரும் ஸ்டாண்டனும் காக்கும் பொருளைச் சாராயத்தில் கரைத்துப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். காசிமிர் பங்க் 1912இல், பெரிபெரி மட்டுமல்ல, ஸ்கர்வி போன்ற வேறு நோய்களும் இப்படிப்பட்ட நுண்சத்துகளின் குறைவால் வருபவை என்று கருத்தை விரித்து, வைட்டமின் என்று பெயரிட்டார். ஜான்சனும் டோனத்தும் 1926இல் ஜாவாவிலேயே நூற்றுக்கணக்கான கிலோ தவிட்டிலிருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவான படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதன் அமைப்பை அறிந்து செயற்கையாகவே உண்டாக்கினார். சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் அவர். தவிட்டின் வாடையே படாத அந்தப் பொருள், தயமின், நோயைத் தீர்த்தபோதுதான் ‘தவிட்டில் வேறு ஏதாவது இருக்கலாமே’ என்ற கடைசிச் சந்தேகமும் நீங்கியது. ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் புறாக்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து, தயமின் இல்லாவிட்டால் சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கும் பாதை நடுவழியில் தடைபடுவதைக் காட்டினார். நரம்பும் இதயமும் ஏன் முதலில் விழுகின்றன என்பது அதில் விளங்கியது. ஓயாமல் ஆற்றல் வேண்டும் உறுப்புகள் அவை. எய்க்மன் மாவுச்சத்தைச் சந்தேகித்ததில் ஒரு சிறு உண்மை இருந்ததும் தெரிந்தது. மாவு நஞ்சல்ல, ஆனால் மாவு மிகுந்த உணவு தயமின் தேவையைக் கூட்டுகிறது. நல்ல கோட்பாடு, தான் தோற்கடித்த கோட்பாட்டுக்குச் சாதகமாக இருந்த சான்றுகளையும் விளக்கிவிடுகிறது.

கோட்பாடு எதற்கு என்று கேட்டவருக்கு முழு விடை இங்கேதான் இருக்கிறது. ‘புழுங்கலரிசி சாப்பிடு’ என்பது அரிசி தின்னும் ஊருக்கான விதி. அளவுக்கு மீறிக் குடித்து, சாப்பாட்டை விட்டவர் தடுமாற்றத்தோடும் குழப்பத்தோடும் மருத்துவமனைக்கு வரும்போது அந்த விதிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கோட்பாட்டுக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் மறக்காமல் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்கள் இன்று படிக்கிறார்கள். 2003இல் இஸ்ரேலில் சில கைக்குழந்தைகள் வாந்தியும் சோர்வும் கண் அசைவில் கோளாறுமாக மருத்துவமனைக்கு வந்தன, சில இறந்தன. வசதியான நாடு, அரிசிக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாக் குழந்தைகளும் குடித்தது ஒரே சோயா பால்மாவு என்று தெரிந்ததும், மருத்துவர்கள் அதில் தயமின் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அட்டையில் அச்சிட்டிருந்தது, உள்ளே ஏறத்தாழ இல்லை. பால்மாவு விற்பனை நிறுத்தப்பட்டது, உயிரோடிருந்த குழந்தைகளுக்குத் தயமின் ஊசி போடப்பட்டது.